சகலையின் சவுக்கு

சவுக்கு நட்ட இரண்டாவது வருஷம் என் சகலையின் மரங்கள் என்னுடையவற்றைவிட ஓர் ஆள் உயரம் கூடுதலாக நின்றன. நடுவில் இருந்தது ஒரு வரப்பு மட்டும்தான். காலையில் அந்த வரப்பில் உட்கார்ந்து வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டிருக்கும்போது என் மரங்களை மட்டும் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். முடிந்ததில்லை. காற்று வந்தால் அவர் தோப்பு கடலோரம் போல இரையும். என்னுடையது பேசாமல் நிற்கும். இரைவதற்கும் கொஞ்சம் தழை வேண்டும்.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா புருஷன். விழுப்புரத்திலிருந்து ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாள் டூட்டி, மறுநாள் ஓய்வு. ஓய்வு நாளில் திண்டிவனத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்துவிடுவார். கழுத்தில் விசில் தொங்கும். கொல்லையில் ஆடு நுழைந்தால் கல்லை எடுக்க மாட்டார், விசில் அடிப்பார். ஆடும் போய்விடும். அவர் சொன்னால் எல்லாம் கேட்கும். அதுதான் எனக்கு அவரிடம் பிடிக்காதது.

மாமனார் பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் ஒரே கொல்லையாக வைத்திருந்த செம்மண் நிலம் அது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுப் போட்டு எடுத்த நிலம். அவர் இறந்த பிறகு இரண்டு பெண்களும் நடுவில் கயிறு பிடித்துப் பிரித்துக்கொண்டார்கள். கிழக்குப் பாதி அக்காவுக்கு, மேற்குப் பாதி என் மனைவிக்கு. சண்டை ஒன்றும் இல்லை.

நான் அப்போது ஊரில் இருந்தவன் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்று லாரியில் கிளீனராக ஏறியவன். பிறகு திருப்பூரில் சாயப்பட்டறை, அங்கே தோல் உரிந்ததால் செங்கல் சூளை, அப்புறம் ஆழ்குழாய்க் கிணறு போடும் போர் வண்டி. போர் வண்டியில்தான் அதிக நாள். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று எங்கெங்கோ பூமியைத் துளைத்தோம். சாம்பல், மஞ்சள், சிவப்பு, சுண்ணாம்பு என்று எல்லா நிறத்திலும் மண் வெளியே வந்து எங்கள் மூஞ்சியில் அப்பும். இடது கை நடுவிரலின் நுனி ராடுக்கு அடியில் போனது. காயம் ஆறியதும் அதே வண்டியில் ஏறினேன். நடுவில் குயிலாப்பாளையம் பக்கம் மரம் நடுகிறவர்களிடம் குழி வெட்டும் வேலையும் பார்த்தேன். அங்கே நல்ல சாப்பாடு. ஆனால் எந்த இடத்திலும் இரண்டு மழைக்கு மேல் எனக்குக் கால் நிற்காது.

நிலம் கைக்கு வந்ததும் என் மனைவி ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள். அவள் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் குடும்பம் நடத்தியவள். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"சவுக்கு வெக்கலாம். நீ இங்கியே இருந்து பாத்துக்கோ. ரெண்டாவது வருஷம் ஆடியில நான் வந்து பாப்பேன். மரம் தேறலைன்னா அக்கா வீட்டுக்காரருக்கு குத்தகைக்கு வுட்டுடுவேன். நீ உன் லாரியத் தேடிக்கினு போயிக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் நான் பயந்தேன். முட்டி வலி ஆரம்பித்திருந்தது. போர் வண்டியில் இனி என்னை ஏற்றமாட்டார்கள். அதைவிட, அந்த நிலம் சகலை கைக்குப் போவதை நினைத்தால் சோறு இறங்காது.

நடுவதற்கு முன்னால் சகலை வந்து, மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். பஸ்ஸில் ஏறுகிற யாரோ ஓர் அதிகாரி சொல்லிக் கொடுத்திருக்கிறார். நெல், மல்லாட்டைக்கு என்றால் மேல் மண் போதுமாம். மரத்துக்கு வேர் கீழே போவதால் மூன்றடி வரைக்கும் வெட்டி, ஒவ்வோர் அடி மண்ணையும் தனித்தனிப் பையில் கொடுக்க வேண்டுமாம். வரப்பு ஓரம், எருக்குப்பை இருந்த இடம், மரத்தடி இதையெல்லாம் விட்டுவிட வேண்டுமாம்.

அவர் கடப்பாரையோடு இறங்கி இடுப்பளவு குழி வெட்டினார். மாடு ஓட்டிக்கொண்டு போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"இன்னா கண்டக்டரே, கொல்லைல கக்கூஸ் கட்றியா?"

"ஆமாப்பா. உனக்குத்தான். ஜல்தி சொல்லு, கெழக்கப் பாத்து வெக்கவா, மேற்க பாத்து வெக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் வெட்டினேன். அவர் மூன்றடி என்றால் நான் இன்னும் ஒரு சாண் ஆழமாக வெட்டினேன். குழி வெட்டுவதில் என்னை ஜெயிக்க முடியாது. கொல்லையில் நாலைந்து இடத்தில் அப்படி வெட்டி, அந்தந்த அடி மண்ணை ஒன்றாகக் கலந்தோம். கலந்ததை வட்டமாகப் பரப்பி, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து, அரைக் கிலோ அளவுக்குக் கொண்டு வரவேண்டும். இதை அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஈரம் உலர நிழலில் காய வேண்டும் என்றார். கொல்லைக்குப் பக்கத்தில் என் வீடுதான். முன் அறையில் பேப்பர் விரித்து, ஃபேனுக்குக் கீழே அவருடையது மூன்று குவியல், என்னுடையது மூன்று குவியல் என்று போட்டோம். நாங்கள் அந்த இரண்டு நாளும் மண்ணைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தோம். பிறகு என் மனைவியே துணிப்பைகள் தைத்து, மண்ணைக் கட்டி, பெயர் எழுதிய சீட்டைப் போட்டுக் கொடுக்க, சகலை டூட்டிக்குப் போகும்போது விழுப்புரத்துக்கு எடுத்துப் போனார்.

கொஞ்ச நாள் கழித்து இரண்டு அட்டைகளோடு வந்தார். அவருடைய அட்டையில் மணிச்சத்து குறைவு, சாம்பல்சத்து குறைவு. என்னுடையதில் இரண்டும் அதிகம். மூன்று அடிக்கும் அதிகம், அதிகம், அதிகம். உரமே பெரிதாக வேண்டாம் என்று போட்டிருந்தது.

எனக்குப் படிப்பு வரவில்லை. எந்தப் பரீட்சையிலும் என் பெயருக்கு நேரே நல்ல வார்த்தை ஒன்றும் எழுதப்பட்டதில்லை. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். எனக்கு நானே டீ சொல்லிக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் காட்டினேன். ஏரித் தண்ணீர் அந்தக் காலத்தில் மேற்குப் பக்கம்தான் பாய்ந்திருக்கும், வண்டல் அங்கேதான் தங்கியிருக்கும் என்று விளக்கம் வேறு சொன்னேன். எத்தனை மாநிலத்து மண்ணைப் பார்த்தவன் நான் என்றும் சொன்னேன்.

சகலை மட்டும் என் அட்டையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சகல, ஒண்ணு சொல்லட்டுமா? கீழ போகப் போக சத்து கொறையும்னு சொல்றாங்க. உங்களுதுல மூணடியும் ஒரே மாதிரி வந்துகீது. எதுக்கும் இன்னொரு தடவ மண்ணு எடுத்துக் குடுத்துடலாமா? நானே எடுத்துக்கினு போறேன்."

எனக்கு உள்ளே இனித்தது. பொறாமை, பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். பொறாமை எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியாதா? "வேணாம் சகல, உங்களுக்கு எதுக்கு பேஜாரு" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினேன். அன்று ராத்திரி இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஐப்பசி மழையில் இரண்டு பேரும் ஒரே நாளில் நட்டோம். ஒரே நாற்று. அவர் அட்டையில் எழுதியிருந்ததை அப்படியே செய்தார். கன்றைச் சுற்றி ஒரு சாண் தள்ளி வட்டமாகக் கீறி, சூப்பர் பாஸ்பேட்டும் பொட்டாஷும் வைத்து மண் மூடினார். யூரியா மட்டும் ரொம்பக் கொஞ்சம். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் எல்லாம் யூரியாவை வாரி இறைக்கிறவர்கள். அவர்கள் அவரைக் கஞ்சன் என்றார்கள். சவுக்கு வேரில் முடிச்சு இருக்கிறது, தழைச்சத்தை அது காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும், மணிச்சத்துதான் நாம் கொடுக்க வேண்டும் என்று அவர் அவர்களுக்குச் சொன்னார். நான் எரு கொஞ்சம் போட்டதோடு சரி. பணக்கார மண்ணுக்கு எதற்கு உரம் என்று வரப்பில் உட்கார்ந்து பீடி குடித்தேன். வெயிலில் ஒரு சாண் தள்ளி ஒரு சாண் தள்ளி என்று அவர் குனிந்துகொண்டு போனதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

முதல் கோடை வரைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த மழை வந்த பிறகு அவருடையவை கிளம்பின. கிளம்பின என்றால் காலையில் ஓர் உயரம் சாயங்காலம் ஓர் உயரம் என்பதுபோல. என்னுடையவை மஞ்சளாக, வெளிறி, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஒதுங்கி நின்றன. தண்ணீர் நான்தான் அதிகம் விட்டேன். களை நான்தான் முதலில் எடுத்தேன். பக்கக் கிளையைக் கழிக்கும்போது அவர் ஆள் வைத்தார், நான் என் கையால் செய்தேன். அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறவர். நான் அங்கேயே கிடக்கிறவன். இதையெல்லாம் அந்த மரங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அவர் டூட்டியில் இருக்கும் நாளில் வரப்பைத் தாண்டிப் போவேன். அவர் மரத்தைக் கட்டிப் பிடித்துச் சுற்றளவு பார்ப்பேன். ஒரு மூங்கிலை வெட்டி அதில் அடையாளம் போட்டு, அவர் மரத்தில் ஒரு தடவை, என் மரத்தில் ஒரு தடவை என்று வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் டூட்டி மாற்றிக்கொண்டு வந்தவர் என்னை மூங்கிலோடு பார்த்துவிட்டார்.

"இன்னா சகல, அளவெடுத்துக்கினு கீறீங்க? மரத்துக்கு சட்ட தெக்கறீங்களா? மெஷினு உங்க வூட்லதான் கீது."

சிரித்துக்கொண்டே பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். நான் வாங்கித் தின்றேன். மண்ணைத் தின்பது போல இருந்தது. இன்னொரு நாள் அவர் பக்கம் ஓர் ஆடு நுழைந்ததை நான் பார்த்தேன். எழுந்து போய் விரட்டத்தான் போனேன். ஆனால் செருப்பைத் தேடி, வாரைச் சரிசெய்து, நிதானமாகப் போனேன். மரம் பெரிதாகிவிட்டதால் ஆட்டுக்கு அதில் தின்ன ஒன்றும் இல்லை என்பது வேறு.

ஆடி வந்தது. என் மனைவி தையலில் நூல் அறுந்தால்கூடச் சத்தம் போடாமல் கோத்தாள். அக்காவையும் அவள் வீட்டுக்காரரையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருப்பதாக மட்டும் சொன்னாள். எனக்குத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை என் பழைய பையை எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தேன். ஜிப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் வரப்பில் நின்றோம். அக்கா என் பக்கம் பார்த்தாள். உச்சுக் கொட்டினாள். தங்கையைத் தோளில் தட்டினாள்.

"நீ இன்னாத்துக்குடி கவலப்படற? நாங்களே பாத்துக்கறோம். உங்க மாமா கைவெச்சா ஒரே வருஷத்துல தூக்கிடுவாரு. குத்தகய கரெக்டா குடுத்துடுவோம்."

சகலை நேராக என்னிடம் வந்தார்.

"சகல, அந்த அட்டைய ஒருதரம் எடுத்துக்கினு வாங்களேன். மண்ணு அவ்ளோ நல்லா இருந்தா மரம் இப்படி நிக்காது. எங்கியோ இடிக்குது. மூணு பையும் ஒரே மண்ணு மாதிரி..."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டு வருஷமாக வரப்பில் உட்கார்ந்து விழுங்கியது எல்லாம் மேலே வந்தது.

"ஒரே மண்ணுதான்யா! யாரு எடுத்துக்கினு போனா? நீதான எடுத்துக்கினு போன? பஸ்ல வெச்சி பைய மாத்திட்ட நீ. மொதல்லேர்ந்தே இந்த நெலத்து மேல கண்ணு உனக்கு. எங்க மண்ணக் கொட்டிட்டு எந்த ஊரு குப்பையவோ ரொப்பிக் குடுத்துட்டு, இப்ப இங்க வந்து எனக்கு அட்ட படிக்கறியா?"

அதுவரைக்கும் அவரை நான் நீ என்று சொன்னதில்லை. அக்கா வாயைத் திறந்தாள். அதற்கு முன்னால் என் மனைவி பேசிவிட்டாள்.

"அவரு மாத்தல. நாந்தான் மாத்தினேன்."

யாருக்கும் புரியவில்லை. அவள் வரப்பைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மண்ணு காஞ்சிக்கினு இருந்தப்போ அக்கா வந்துச்சி. ரெண்டு மண்ணையும் பாத்துட்டு, எங்களுது புட்டு மாவாட்டம் கீது, உங்களுது செங்கத் தூளாட்டம் கீதேடி, இத எடுத்துக்கினு போயி ஆபீஸ்ல குடுத்தா சிரிப்பாங்கன்னு சொல்லிட்டு அதுவே சிரிச்சிது. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி. நம்ம வூட்லேர்ந்து நாலு பேரு பாக்கற எடத்துக்கு ஒரு பொருளு போவுது. மட்டமா குடுத்து அனுப்புவாங்களா? அதான், எதுத்த வூட்டு மாட்டுக் கொட்டா பின்னால எரு கொட்டற எடத்துல நல்லா கருகருன்னு இருந்த மண்ண வாரிக்கினு வந்து, அதுல நம்ம செம்மண்ணு ஒரு பிடி கலந்து, மூணு பையிலயும் போட்டு கட்டிட்டேன். நம்ம மண்ண கறிவேப்பிலைச் செடிக்குக் கொட்டிட்டேன்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பெண் பார்க்க வந்தால் பக்கத்து வீட்டு நாற்காலி வரும். வரிசைத் தட்டில் நசுங்கிய பழத்தை அடியில் வைப்போம். அவளுக்கு அது பொய் இல்லை. மரியாதை.

முதலில் சிரித்தது அக்காதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அடிப் பாவி, எருக்குப்பைக்கு அட்ட வாங்கிக்கினு வந்துட்டீங்களா?" என்றாள். என் மனைவி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சகலையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வுடுங்க சகல. தெனம் பஸ்ல யாராவது ஒருத்தரு நான் சில்லறைய அமுக்கிட்டேன்னு சொல்லுவாங்க. அதுக்கெல்லாம் கோச்சிக்கினா விழுப்புரம் தாண்ட முடியாது. நாளன்னிக்கு எனக்கு லீவு. வந்து குழி வெட்டலாம்."

அவர் கத்தியிருக்கலாம். என்னைத் தள்ளிவிட்டிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே உயரத்தில் நின்றிருப்போம். அவர் அப்படியே வண்டியை உதைத்துக் கிளப்பி, பொண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் மரத்தின் மேல் இருந்ததைவிட அதிக எரிச்சல் எனக்கு அப்போது அவர் பொறுமையின் மேல் வந்தது. உரம் வைத்து வளர்க்க முடியாத பொருள் அது.

வீட்டுக்கு வந்ததும் குத்தகைப் பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்டேன். 

"இன்னா ஆவும்? மண்ண மாத்தினது நானு. உன்ன எப்படி போகச் சொல்றது?" என்றாள். மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அந்தப் பைய எதுக்கு வெளிய எடுத்து வெச்சிக்கினு கீற? எடத்த அடைக்குது" என்றாள்.

சகலை சொன்னபடி வந்தார். மறுபடி குழி வெட்டி, கலந்து, காயவைத்தோம். இந்தத் தடவையும் காய வைத்தது என் வீட்டிலேயேதான். அவள் அந்தப் பேப்பர் பக்கமே போகவில்லை. செங்கல் தூள் மாதிரியே பைக்குள் போனது. அட்டை வந்தபோது குறைவு, குறைவு. மூன்றாவது அடியில் இன்னும் குறைவு. அவருடைய பழைய அட்டையோடு வைத்துப் பார்த்தோம். ஏறக்குறைய ஒன்றேதான். ஏரி வண்டல் என்று நான் டீக்கடையில் சொன்னதை யாராவது ஞாபகம் வைத்திருப்பார்களோ என்று கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

வளர்ந்த மரத்துக்கு உரம் வைப்பது கன்றுக்கு வைப்பது போல இல்லை. அடியிலிருந்து நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும். போன காலத்தை அது திருப்பித் தராது, இனி வரும் வளர்ச்சிக்குத்தான் என்று சகலை சொல்லியிருந்தார். புரட்டாசிக் கடைசியில் முதல் நல்ல மழை பெய்து விட்ட அன்று நானும் என் மனைவியும் இறங்கினோம். நான் மண்வெட்டியால் வட்டம் கீறிக்கொண்டு முன்னால் போனேன். அவள் சூப்பர் பாஸ்பேட்டையும் பொட்டாஷையும் கலந்து அன்னக்கூடையில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு, கையளவு போட்டு மூடிக்கொண்டே வந்தாள். வரப்பு ஓரத்து வரிசைக்கு வந்ததும் அந்தப் பக்கம் காற்று எழுந்து இரைந்தது. நான் வழக்கம்போல் திரும்பிப் பார்த்தேன். பின்னால் அவள் வருகிற சத்தம் நின்றிருந்தது. அவளும் கூடையோடு நின்று அக்காவின் மரங்களை உச்சி வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் ஓரம் கோணியிருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

"அவுங்களுது இந்த மாசிக்கு வெட்டிடுவாங்க இல்ல?" என்றாள்.

"வெட்டிடுவாங்க."

"நம்மளுது இன்னும் ஒரு வருஷம் நிக்கட்டும். அவுங்க வெட்டினத விட ஒரு சாணாவது கூட வந்த பொறவுதான் கத்தி வெக்கணும். அதுவரிக்கும் நீ எங்கியும் போவக்கூடாது."

"எங்க போறேன்?" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குக் கீறினேன்.